சாப்பாட்டுக் கையில் மிஞ்சிய சொறி

பதினொரு வயதில் நான் ஒருநாள் கழுத்திலிருந்து கால்வரை மஞ்சளாகப் பள்ளிக்கூடம் போனேன். என் மகள் இதை நம்ப மறுக்கிறாள். அவளுக்கு நாலு வயது, இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆகவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளாகிய உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். நான் அதிகம் படித்தவன் அல்ல. எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சர் திருத்தட்டும். நடந்த கதையில் பிழை இல்லை.

அது இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு. பாரிசின் லாச்சப்பலில், லிஃப்ற் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை இருந்தது. ஒன்றில் அப்பா, அம்மா, ஐந்து வயதுத் தங்கச்சி. மற்றதில் நானும் சித்தப்பாவும், ஒரே மெத்தையில். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். அவருடைய தம்பியான சித்தப்பா எங்கள் எல்லோருக்கும் முந்திப் பாரிசுக்கு வந்து, எட்டு வருடமாக ஒரு பெரிய ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். வருடத்தில் ஒரு நாள்தான் அவருடைய குரல் வெளியே வரும். அது ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு, ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் இழுக்கும் நாள். அன்று வேட்டி கட்டி, வடத்தின் முன்வரிசையில் நின்று, தொண்டை கட்டும்வரை அரோகரா சொல்லுவார். வேலையில் அவர் லீவு கேட்பதும் அந்த ஒரு நாளுக்குத்தான். காய்ச்சலுக்குக்கூடக் கேட்டதில்லை.

நானும் அம்மாவும் தங்கச்சியும் வந்து ஒன்றரை வருடம்தான். அதற்குள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. அப்பாவின் பிரெஞ்சு பெயின்ற் வாளியோடு முடிந்துவிடும். சித்தப்பாவின் பிரெஞ்சு கோப்பை, கரண்டி, சுடுதண்ணீர் ஆகிய மூன்றைத் தாண்டாது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவரும் மறுத்துச் சொன்னதில்லை. தபாற்கந்தோர், பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் நான் முன்னால் போவேன், அம்மா பின்னால் வருவார். பிரெஞ்சுக்காரர் நீட்டி நீட்டிச் சொல்வதை நான் ஒரு வரியில் சொல்லி முடிப்பேன்.

"அவ்வளவு நேரம் கதைச்சவை, இவ்வளவுதானோ சொன்னவை?" என்று அம்மா சந்தேகப்படுவார்.

"சாரம் இவ்வளவுதான் அம்மா" என்பேன்.

சுருக்குவதுதான் கெட்டித்தனம் என்று எனக்கு எண்ணம்.

அந்த ஜூன் மாதம் என் வகுப்பு முழுவதும் ஒரு கிழமைக்குப் பிரத்தான் கடற்கரைக்குப் போக இருந்தது. பாடமோ கணக்கோ இல்லாமல் காலையிலிருந்து மாலைவரை கடல். எனக்குக் கடல் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் படுத்திருந்தால் கடல் இரைவது கேட்கும். ஆனால் அது இராணுவத்தின் கம்பிவேலிக்கு அப்பால் இருந்தது. ஒருநாளும் கால் நனைத்ததில்லை. பிரத்தானில் வேலி இருக்குமா என்று ரீச்சரிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அவருக்கு விளங்காததுதான் எனக்குப் பெரிய சந்தோசம். அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினேன்.

ஏப்ரலில் கடி, அதாவது அரிப்பு, தொடங்கியது. முதலில் என் விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு மணிக்கட்டு, தொப்புள், அக்குள். படுக்கையில் சூடு ஏறினால் போதும், நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சொறிவோம். பத்து நாளில் வீடு முழுவதும் சொறிந்தது. ஒருவருக்கொருவர் சொல்லாமல், கதவுக்குப் பின்னால் நின்று சொறிந்தது.

பாரிசுக்கு வெளியே எபினேயில் இருந்த மாமிக்கு அம்மா ரெலிபோனில் அழாக்குறையாகச் சொன்னார். மாமி அப்பாவின் அக்கா. அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். லாச்சப்பல் மரக்கறிக் கடையில் இருந்த வேப்பிலைப் பைகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு மாடி ஏறியவர், மூச்சு வாங்கியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"சொறி. ஊரிலை இதுக்கு மாறாத சொறி இல்லை. மிக்ஸியை எடு."

வேப்பிலையும் மஞ்சளும் அரைபட்டன. மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, எங்களை வரிசையாக நிறுத்தி, வெறுங்கையால் தேய்தேய் என்று தேய்த்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அது நன்றாகத்தான் இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது, கடி கொஞ்சம் அடங்கியது. முதல்நாள் எல்லோரும் மாமியைக் கும்பிடாத குறை. மூன்றாம் நாள் கடி திரும்பி வந்தது. மாமி விடவில்லை. எபினேயிலிருந்து தினமும் வந்து இன்னும் தடிப்பாகப் பூசினார். குளித்தாலும் மஞ்சள் போகவில்லை. வகுப்பில் எனக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர் வைத்தார்கள். என் கொப்பியைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் விரல் அடையாளம். ரீச்சர் எனக்கு ஈரல் வருத்தம் என்று பயந்து பள்ளிக்கூடத் தாதியிடம் அனுப்பினார்.

தாதி என் ஈரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தார். உடனே ஒரு கடிதம் எழுதினார். வைத்தியம் செய்து மூன்று நாள் கழியும்வரை பள்ளிக்கூடம் வரக்கூடாது. அதை மொழிபெயர்க்கவேண்டியவனும் நானேதான்.

பக்கத்து ஸ்டாலின்கிராட் மெற்றோவடியில் ஒரு டொக்டரம்மா இருந்தார். அம்மாவும் நானும் தங்கச்சியும் போனோம். சித்தப்பா வேலை முடிந்து வந்து படுத்திருந்தார், வரவில்லை. டொக்டரம்மா ஒரு கண்ணாடிவில்லையால் என் விரல் இடுக்கைப் பார்த்தார், எனக்கும் காட்டினார். பென்சிலால் கீறியதுபோல ஒரு சின்னக் கோடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கிறது என்றார். இது ஊத்தையால் வருவதில்லை, கைகோத்து நடப்பதாலும் ஒரே மெத்தையில் படுப்பதாலும் வருவது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். அதை மட்டும் நான் சுருக்காமல் சொன்னேன். அம்மாவின் முகத்தில் இரத்தம் திரும்பியது.

தைரியம் வந்த அம்மா கைப்பைக்குள்ளிருந்து ஒரு வேப்பங்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். டொக்டரம்மா சிரிக்கவில்லை. கசக்கி மணந்து பார்த்தார். கடியை இது கொஞ்சம் ஆற்றலாம், ஆனால் தோலுக்குள் இருக்கும் பூச்சியை முடித்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கமுடியாது, சொறிந்து புண்ணான இடத்தில் பூசவும் வேண்டாம் என்றார்.

"வேப்பிலை நல்ல மணமாம். இப்ப பூசவேண்டாமாம்" என்றேன்.

பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னார். பால்போல ஒரு தண்ணீர் மருந்து. கழுத்துக்குக் கீழே ஓர் இடமும் விடாமல் தூரிகையால் பூசவேண்டும். காய்ந்தபின் இன்னொருமுறை. கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில். இருபத்துநாலு மணித்தியாலம் குளிக்கக்கூடாது. உடுப்பு, விரிப்பு எல்லாம் கொதிசூட்டில் தோய்க்கவேண்டும். தோய்க்கமுடியாததைப் பையில் இறுக்கிக் கட்டிச் சில நாள் வைக்கவேண்டும். ஒரு கிழமையால் திரும்பவும் பூசவேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா விரல்மடித்து எண்ணினார்.

எழும்பும்போது டொக்டரம்மா இன்னும் ஒன்று சொன்னார். அந்த நேரத்துக்குள் கையைக் கழுவினால், கழுவிய கைக்கு உடனே திரும்பப் பூசவேண்டும்.

என் கண் சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்தது. அந்த மாதப் படம் ஒரு கடல். அம்மாவின் ஒரு கைவிரல் எல்லாம் முடிந்து மற்றக் கையும் தொடங்கிவிட்டது. குளிக்கக்கூடாது என்று சொன்னாயிற்று, கை கழுவுவதும் அதற்குள் அடக்கம்தானே என்று நினைத்தேன்.

"கடைசியா என்ன சொன்னவ?"

"போயிட்டு வாங்கோ எண்டவ" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் வைத்தியம். அப்பா ஒரு புதுத் தூரிகையோடு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தொழிலை வீட்டில் காட்டக் கிடைத்த சந்தோசம். மேலிருந்து கீழாக, ஒரே திசையில், இழுப்புத் தெரியாமல் பூசினார். சொறிந்த இடமெல்லாம் எரிந்தது. நான் கத்தினேன்.

"ஆடாதை! முதல் கோட் காயட்டும்." கொஞ்சம் பின்னுக்குப் போய், சுவரைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மூலையொண்டு விட்டுப்போச்சு. கையைத் தூக்கு."

அம்மா இரண்டு நடை ஐந்து மாடி இறங்கி, காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடையில் எல்லாவற்றையும் தோய்த்தார். தங்கச்சியின் பஞ்சுக் கரடி கறுப்புப் பைக்குள் போனது. அவள் பைக்குப் பக்கத்தில் இருந்து கரடிக்குக் கதை சொன்னாள். சித்தப்பாவுக்கு அப்பா தாராளமாக மூன்று கோட் அடித்தார். பின்னேரம் சித்தப்பா அதற்குமேல் சேட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருவரும் குளிக்கவில்லை. நான் சொன்னதை வீடு எழுத்துப் பிசகாமல் செய்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே.

உடம்பு ஆறியது. முதுகு, வயிறு, கால் எல்லாம் துப்புரவு. தாதி என்னைத் திரும்ப வகுப்புக்கு விட்டார். ஆனால் கடலுக்குப் போகப் பதினொரு நாள் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை பரிசோதித்தார். என் வலக்கை விரல் இடுக்கில் புதிதாக மூன்று கோடு.

டொக்டரின் கடிதம் இல்லாமல் பயணம் இல்லை என்றார். அப்போதும் நான் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, கரடி இருந்து வெறுமையான கறுப்புப் பைக்குள் முகத்தை விட்டு அழுதேன்.

ஞாயிறு மத்தியானம் மாமி பிட்டோடு வந்தார். தோற்றவர் திரும்ப எழும்பிய முகம்.

"பாத்தியளே, இங்கிலிஷ் மருந்தும் கேக்கேல்லை. நான் அரைச்சதை ஒரு மாதம் பூசியிருந்தால் எப்பவோ மாறியிருக்கும். ஊரிலை—"

"ஊரிலை ஒரு மெத்தையிலை ரெண்டுபேர் படுத்து எழும்பேல்லை மச்சாள்" என்றார் அம்மா.

"அப்ப என்ரை மருந்து பிழையெண்டுறீரோ?"

"உங்கடை மருந்தாலை என்ரை பிள்ளை எலுமிச்சம்பழம் ஆனதுதான் மிச்சம்."

அப்பா இரண்டு பக்கமும் பார்க்காமல் பிட்டைக் குழைத்தார். நான் சாப்பிடாமல் இருந்தேன். கடல் போய்விட்டது என்ற துக்கத்தில் வெறுமனே எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தி, இடக்கையால் வலக்கையைச் சொறிந்தார். கொஞ்சம் கழித்து அம்மாவும் இடக்கையால் வலக்கையைச் சொறிந்தார். எனக்குக் கோடு இருந்ததும் வலக்கையில். தங்கச்சிக்கு அம்மா ஒவ்வொரு வாயாகத் தீத்திக்கொண்டிருந்தார். அவள் எங்கேயும் சொறியவில்லை.

நான் எழும்பிப் பள்ளிக்கூடப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவந்தேன்.

"எல்லாரும் கையைக் காட்டுங்கோ!"

"சாப்பிடேக்கை என்ன விசர்?" என்றார் அப்பா. ஆனால் காட்டினார்.

வலக்கையில் வரிசையாகக் கோடு, இடக்கையில் ஒன்றோ இரண்டோ. அம்மாவுக்கும் அதே. தங்கச்சியின் இரண்டு கையும் பளிங்கு. அப்போதுதான் எழும்பி வந்து குந்தியிருந்த சித்தப்பா தன் கைகளைத் தானாகவே நீட்டினார். இரண்டும் நிறைய. விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. எட்டு வருடச் சுடுதண்ணீர் என்று நாங்கள் நினைத்துக் கவனிக்காமல் விட்ட கைகள்.

எனக்குத் தலைக்குள் வெளிச்சம் அடித்தது.

"சாப்பிட்டுக் கழுவுற கை!" என்று கத்தினேன். "மருந்து பூசின அண்டைக்கு நாங்கள் குளிக்கேல்லை. ஆனால் மூண்டுநேரமும் சாப்பிட்டுச் சவுக்காரம் போட்டுக் கை கழுவினனாங்கள். தங்கச்சிக்கு நீங்கள் தீத்தினனீங்கள், அவள் கழுவேல்லை. சித்தப்பா ரெண்டு கையையும் தண்ணிக்குள்ளை வைச்சுக்கொண்டு நிண்டவர். பூச்சி முழுக்கச் செத்தது, கையிலை மட்டும் தப்பியிட்டுது!"

அப்பா பிட்டுக் கையோடு எழும்பினார்.

"அட கடவுளே! பெயின்ற் அடிச்சிட்டு உடனை தண்ணி ஊத்தினால் சுவரிலை என்ன நிக்கும்? இது எனக்கெல்லோ முதல் விளங்கியிருக்கவேணும்!" என்று என்னைத் தூக்கினார். அம்மா என் உச்சியில் கொஞ்சினார். சித்தப்பா சிரித்தார். அப்பாவின் தோளில் இருந்தபடியே நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு கை மட்டும் கணக்கில் வரவில்லை. மாமியின் வலக்கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

"மாமி, உங்கடை?"

"எனக்கென்ன?"

"எங்களுக்கு வெறுங்கையாலை தேய்ச்சது நீங்கள்தானே?"

மாமி அம்மாவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் எல்லோருடைய கையையும்விட மோசமாக இருந்தது. ஒரு மாதமாக ரயிலில் கையுறை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், குளிருக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவுக்கு வென்ற சந்தோசம். ஆனாலும் மாமியின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்தார்.

அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் எனக்கு அந்தக் கலண்டர் ஞாபகம் வந்தது. அதிலிருந்த கடலும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்த கடைசி வசனமும். கண்டுபிடித்தவன் நான். தொலைத்தவனும் நான். அப்பாவின் தோளில் இருந்து இறங்கவேண்டும்போல இருந்தது. இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டொக்டரம்மாவிடம் போகவேண்டியிருந்தது, கைகளைக் காட்ட, மருந்து எழுதிவாங்க, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதம் கேட்க. இந்த முறை சித்தப்பாவும் வந்தார். டொக்டரம்மா வாய்திறந்தால் நான் மாட்டிக்கொள்வேன். ஆனால் அங்கே பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். டொக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நல்ல அவதானம் என்று பாராட்டினார். பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்து, போனமுறை போகும்போது இதைத்தானே சொன்னேன், கையைக் கழுவினால் உடனே திரும்பப் பூசும்படி, அம்மாவுக்கு அதைச் சொன்னாயா என்று கேட்டார்.

காது இரண்டும் சுட்டது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"கை கழுவினால் உடனை திருப்பிப் பூசவேணுமாம். இப்ப சொல்லுறா" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "இதை முதல்நாளே சொல்லியிருந்தால் என்ரை பிள்ளை இவ்வளவு அழுதிருக்காதே. என்ன டொக்டர் இவ?"

கதவோரம் கதிரையில் இருந்த சித்தப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவவுக்கு ஒரு நாளைக்கு எத்தினை சனம் அண்ணி. மறந்துபோயிருப்பா. விடுங்கோ."

தப்பினேன். சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

டொக்டரம்மா சித்தப்பாவின் பக்கம் திரும்பி, உங்கள் கைதான் முக்கியம், மருந்து பூசும் நாளில் தண்ணீர் வேலை கூடவே கூடாது, நாளைக்கே பூசினால்தான் மூன்று நாள் கழிந்து திங்கட்கிழமை பிள்ளை புறப்படலாம் என்றார். நான் மொழிபெயர்க்க வாய் எடுக்குமுன் சித்தப்பா தலையாட்டிவிட்டார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர்தானே.

"நாளைக்குப் புதன். லீவு தருவினமோ?" என்று அம்மா கேட்டார்.

"கேட்டுப் பாக்கிறன்" என்றார் சித்தப்பா. வெளியே வந்து, கால்வாய்க் கரையில் கொஞ்சத் தூரம் தள்ளி நின்று ரெலிபோனில் கதைத்தார். நெடுநேரம் கதைத்தார். வந்து, "தந்திட்டினம்" என்றார்.

அந்தப் புதன்கிழமையைப்போல ஒரு நாளை எங்கள் வீடு பிறகு கண்டதில்லை. ஆறுபேர் மருந்து மணக்க மணக்க இரண்டு அறைக்குள் இருந்தோம். மாமியை அம்மா உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைப் பூட்டித் தானே பூசிவிட்டார். மாமி எரியுது எரியுது என்று கத்த, அம்மா வெளியே கேட்கும்படி, "ஆடாதையுங்கோ மச்சாள், முதல் கோட் காயட்டும்" என்றார். குழாயடியில் மருந்துப் போத்தலும் தூரிகையும் வைக்கப்பட்டன. சித்தப்பா கதிரை போட்டுப் பக்கத்தில் காவல் இருந்தார். எந்தக் காரணத்துக்கு யார் கை நனைத்தாலும், காரணம் கேட்காமல் தூரிகையை நீட்டுவார்.

சாப்பாட்டுக்கு அம்மா எல்லோருக்கும் முள்ளுக்கரண்டி வைத்தார். இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி உருட்டினார், வாய்க்குக் கிட்ட வர அவிழ்ந்து விழுந்தது. மாமி இரண்டு வாயோடு கரண்டியைப் போட்டுவிட்டு, பட்டினி கிடக்கலாம் என்றார். சித்தப்பாவின் வெடித்த விரலில் மருந்து எரிந்ததால் கரண்டியைப் பிடிக்கவே முடியவில்லை. நான் சொதியில் இடியப்பத்தை நனைத்து, ஒவ்வொரு கரண்டியாக அவருக்குத் தீத்தினேன். சிறுபிள்ளைபோல வாயைத் திறந்தார்.

"லீவு எடுத்து வீட்டிலை இருந்து சாப்பிடுறான், அதுவும் பெறாமகன் தீத்த. ராசா மாதிரி!" என்று அப்பா பகிடி பண்ணினார்.

சித்தப்பாவின் கண் கலங்கியிருந்தது. மருந்து நெடி என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமையே கோடுகள் காயத் தொடங்கின. டொக்டரம்மா கடிதம் தந்தார். இரண்டாம் தடவைப் பூச்சை, நான் திரும்பி வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் பூசும்படி சொன்னார். இந்த முறை அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும், வணக்கம் உட்பட, அம்மாவிடம் ஒப்புவித்தேன். திங்கட்கிழமை காலை பஸ் புறப்பட்டபோது அப்பா, அம்மா, தங்கச்சி, கரடி எல்லோரும் கையசைத்தார்கள்.

பிரத்தான் கடலுக்கு வேலி இல்லை. மணலில் இறங்கி நடந்தேன். ஒருவரும் நில் என்று சொல்லவில்லை. தண்ணீர் பனிக்கட்டி. முழங்கால்வரை போய், வலக்கையை விரித்து உப்புத்தண்ணீருக்குள் வைத்தேன். எரியவில்லை. கொஞ்சமும் எரியவில்லை. வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்படி தமிழில் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை.

பத்தொன்பது வயதில் ஒருநாள் சித்தப்பாவின் விசா அட்டையைப் புதுப்பிக்க அவரோடு பிரெஃபெக்சர் கந்தோருக்குப் போனேன், வழக்கம்போல மொழிபெயர்க்க. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். நான் வாய் திறக்குமுன் சித்தப்பா பதில் சொல்லத் தொடங்கினார். ஓடும் பிரெஞ்சு. நடுவில் ஒரு பகிடிகூட விட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நான் கையில் அவருடைய பத்திரங்களோடு பொம்மைபோல நின்றேன்.

படி இறங்கும்போது, எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? நீ வரமுதலே ஆறு வருசம் குசினிக்குள்ளை நிண்டனான். அங்கை என்னோடை கோப்பையளோ கதைச்சது?"

"அப்ப ஏன் எல்லா இடமும் என்னைக் கூட்டிக்கொண்டு போனீங்கள்?"

"உனக்கு அதிலை ஒரு சந்தோசம். கொம்மாவுக்கு அதைவிடச் சந்தோசம்."

நாலைந்து படி இறங்கியபிறகுதான் எனக்குக் கதவோரக் கதிரையும் சப்பாத்தும் ஞாபகம் வந்தது.

"அப்ப... அண்டைக்கு டொக்டரம்மா சொன்னது?"

"எந்த டொக்டர்?" என்றார். பிறகு சிரித்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "மாறியிட்டுதே. பிறகென்ன."

அந்தப் புதன்கிழமை லீவை எப்படித் தந்தார்கள் என்றும் கேட்டேன். அது சும்மா கிடைக்கவில்லை. வருடத்துக்கு ஒரு லீவு கேட்கிறவர் இரண்டு கேட்டால் முதலாளி விடுவாரா? கூட வேலைசெய்தவர் ஒருவரைப் பிடித்து, எனக்குப் பதிலாய் இந்தப் புதன் நீ நில், ஆகஸ்ட்டில் அந்த ஞாயிறு உனக்குப் பதிலாய் நான் நிற்கிறேன் என்று கால்வாய்க் கரையில் நின்று பேசி முடித்திருக்கிறார்.

ஆகஸ்ட்டில் அந்த ஞாயிறு எது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எனக்குப் பதினொரு வயதான அந்த வருடத் தேருக்கு நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். முதன்முறையாக என்னை வடம் பிடிக்க விட்டார்கள். துப்புரவான வலக்கையால் கயிற்றை இறுக்கிப் பிடித்து, சித்தப்பா நிற்கும் முன்வரிசை இடத்திலேயே நின்று, தொண்டை கட்டும்வரை அரோகரா சொன்னேன். ரூ பஜோல் முழுவதும் தேங்காய் உடைந்து கிடந்தது. நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், சித்தப்பாவைக் காணவில்லை.

தேருக்குக்கூட வரப் பஞ்சிப்படுகிற சோம்பேறி மனிசன் என்று அம்மாவிடம் குறை சொன்னேன். பிறகு கயிற்றைப் பிடித்து இன்னும் பலமாக இழுத்தேன்.